நஞ்சு வைத்தவரும் வைக்கச் சொன்னவரும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், ஸ்கொட்லாந்தில் குடும்ப வைத்தியராகப் பணியாற்றும் எமது பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரையைக் கேட்டு எங்கள் செயலாளர் தொலைபேசி எடுத்தபோது, "நீரிழிவைப் பற்றிப் பேசுங்கோவன், எல்லாருக்கும் பயன்படும்" என்றார். நீரிழிவில் இந்த மண்டபத்திலுள்ள பலருக்கு என்னைவிட அனுபவம் கூட. ஆகவே, காட்டுப் பறவைகளுக்கு நஞ்சு வைப்பதைத் தடுக்கும் சட்டங்களைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். சற்று நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, "சரி, பதினைந்து நிமிடம்" என்றார்.

நான் வேலை செய்வது ஸ்கொட்லாந்தின் வடபகுதியில், ஹைலண்ட்ஸ் எனப்படும் மலைநாட்டில், ஒரு சிறிய ஊரில். செம்மறியாடு வளர்ப்போர், மீன்பண்ணைத் தொழிலாளர், ஓய்வூதியக்காரர் என்று பலரும் எங்களிடம் மருந்துக்கு வருவார்கள். வேட்டைக் காவலாளரும் வருவார்கள். இந்தத் தொழில் எமது நாட்டில் இல்லாதபடியால் கொஞ்சம் விளக்க வேண்டும். அங்கே மலையும் பற்றைக்காடுமாகப் பல்லாயிரம் ஏக்கர் தனியொருவருக்குச் சொந்தமாக இருக்கும். அந்தப் பற்றைகளில் கிரவுஸ் என்றொரு பறவை வாழ்கிறது. ஏறத்தாழ எங்கள் கௌதாரி மாதிரி. ஆகஸ்ட் 12 ஆம் திகதி அதைச் சுடும் காலம் தொடங்கும். வசதி படைத்தவர்கள் பெருந்தொகை கட்டி ஒரு நாள், இரண்டு நாள் சுட வருவார்கள். வருகிறவர்கள் சுடுவதற்குப் பறவை நிறைய வேண்டும். கழுகும் பருந்தும் அதைத் தின்றால் வருமானம் குறையும் என்ற கணக்கு அங்கே பரம்பரையாக இருக்கிறது. கிரவுஸைப் பெருக்கிக் கொடுப்பதுதான் காவலாளரின் வேலை. அவர் குடியிருக்கும் வீடு பெரும்பாலும் நிலச்சொந்தக்காரருடையது. வேலை போனால் வீடும் போகும். இதை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

இனிப் பறவைக்கு வருகிறேன். சிவப்புப் பருந்து என்று ஒன்று அங்கே உண்டு. எங்கள் கோயில் வீதிக்கு மேலே வட்டமிடும் செம்பருந்து அல்ல. அதற்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம். வால் மீன்வால் போலப் பிளந்திருக்கும். இது பெரும்பாலும் செத்த பிராணிகளைத் தின்னும் பறவை. ஆட்டுக்குட்டியைத் தூக்கும் பலம் அதற்கில்லை. சுட்டும் நஞ்சு வைத்தும் 19 ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்திலும் அதை இல்லாமற் செய்துவிட்டார்கள். வேல்ஸின் நடுப்பகுதியில் மட்டும் சில தப்பின. 1989 முதல் 1993 வரை, எங்கள் பக்கத்திலுள்ள பிளக் ஐல் பகுதியில், சுவீடனிலிருந்து கொண்டுவந்த 93 பறவைகளை விட்டார்கள். அதே ஆண்டுகளில் இங்கிலாந்தின் தெற்கே சில்டேர்ன் குன்றுகளிலும் ஏறத்தாழ அதேயளவு விட்டார்கள். 2006 இல் எண்ணிப் பார்த்தபோது தெற்கே முந்நூறுக்கு மேற்பட்ட சோடிகள் இருந்தன. வடக்கே 41.

குளிர்தான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கூட்டில் வளர்ந்த குஞ்சுகளின் எண்ணிக்கையில் வடக்கும் தெற்கும் பெரிதாக வேறுபடவில்லை. கூட்டை விட்டுப் பறந்தபின்தான் வடக்கத்திய பறவைகள் குறைந்தன. அங்கே இறந்து கிடைத்தவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நஞ்சுண்டவை. எனக்கு இந்தக் கணக்கு ஏன் பிடிக்கும் என்றால், இது ஒரு நல்ல மருத்துவ ஆய்வு போன்றது: இரண்டு குழுக்கள், ஒரே தொடக்கம், ஒரு வேறுபாடு.

2014 மார்ச்சில் கொனன் பிரிட்ஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில் சில வாரங்களுக்குள் 22 பறவைகள் செத்துக் கிடந்தன. அவற்றுள் 16 சிவப்புப் பருந்துகள். 6 பஸர்ட் எனப்படும் இன்னொரு வகை. பரிசோதித்ததில் 16 பறவைகளின் உடலில் தடைசெய்யப்பட்ட நஞ்சு இருந்தது உறுதியானது. பொலிஸார் வீடு வீடாக விசாரித்தார்கள், தகவல் தருவோருக்குப் பெரும் பணம் தருவதாக அறிவித்தார்கள், ஊர்ச்சனம் ஊர்வலம் போனது. எவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

நஞ்சுண்ட பருந்தின் படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது, அதன் கால் நகங்கள் இறுகப் பொத்தியபடி இருந்தன. அந்த இறுக்கம் எனக்குப் புதிதல்ல. கார்போபியூரான் என்ற பூச்சிகொல்லி, எங்கள் கமக்காரர் 'ஃபியூரடான்' என்ற பெயரில் அறிந்தது, நரம்புக்கும் தசைக்கும் இடையிலுள்ள ஒரு நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. வாயில் நீர் வடியும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், தசைகள் துடிக்கும், நுரையீரலில் நீர் நிரம்பி மூச்சு அடைக்கும். பறவைக்கும் மனிதருக்கும் பொறிமுறை ஒன்றே. உள்ளகப் பயிற்சிக் காலத்தில் எத்தனை இரவுகள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அற்றோப்பின் ஊசி ஏற்றியிருப்போம் என்று இந்த மண்டபத்திலுள்ள மற்ற வைத்தியர்களையும் தாதியரையும் கேளுங்கள். அறுவடை பொய்த்த வீடு, சீதனத்தால் முறிந்த கலியாணம், பரீட்சை முடிவு. வந்தவர்களிற் பலர் சாக வேண்டுமென்று திட்டமிட்டு வந்தவர்கள் அல்ல. கோபம் வந்த அந்தப் பத்து நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் போத்தல் இருந்தது, அவ்வளவுதான்.

இலங்கை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பாடம் அங்கேதான் இருக்கிறது. அதை நாங்களே அவ்வளவாகப் பேசுவதில்லை. 1995 இல் எமது நாட்டின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு 47 ஆக இருந்தது. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அந்த ஆண்டில் மிகக் கொடிய பூச்சிகொல்லிகளான மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகியவற்றையும் 1998 இல் எண்டோசல்பானையும் பூச்சிகொல்லிப் பதிவாளர் தடைசெய்தார். பத்தாண்டுகளில் வீதம் பாதியாயிற்று. அந்தப் பத்தாண்டுகளில் போர் ஓய்ந்துவிடவில்லை, வறுமை தீர்ந்துவிடவில்லை, குடியும் குறையவில்லை. மனிதரைத் திருத்த முடியாதபோது போத்தலைக் கட்டுப்படுத்தினார்கள். அனுராதபுரத்திலும் பொலநறுவையிலும் நஞ்சுண்ட நோயாளரிடையே பல ஆண்டுகள் ஆய்வு செய்த பேராசிரியர் மைக்கேல் எடில்ஸ்ரன் இன்று எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். எமது வார்டுகளில் கிடைத்த அறிவு ஸ்கொட்லாந்து வரை போயிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

பறவைகளைப் பற்றிய சட்டத்தையும் நான் இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் வாசித்தேன். பிரித்தானியாவில் நஞ்சிட்ட இரை வைப்பது நெடுங்காலமாகவே குற்றம். 1981 ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் யார் வைத்தார் என்று நிரூபிக்க வேண்டும். மலையுச்சியில், ஆளரவமற்ற இடத்தில், ஒரு செத்த முயலில் நஞ்சைத் தூவிவிட்டுப் போனவரை யார் கண்டது? கழுகு இரையைத் தின்றுவிட்டுச் சில மைல் தள்ளிப்போய் விழும். அதோடு ஸ்கொட்லாந்துச் சட்டத்தில் ஒவ்வொரு முக்கிய விடயத்துக்கும் இரண்டு தனித்தனி ஆதாரங்கள் வேண்டும். ஒரு சாட்சி போதாது. செத்த பறவை ஆய்வுகூடத்துக்குப் போகும், என்ன நஞ்சு என்று துல்லியமாக அறிக்கை வரும், கோவை மூடப்படும்.

ஆகவே ஸ்கொட்லாந்தில் போராடியவர்கள் செய்த முதற் காரியம், நஞ்சை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. 2005 இல் வந்த ஆணையில் எட்டுப் பதார்த்தங்கள் பட்டியலிடப்பட்டன: கார்போபியூரான், அல்டிகார்ப், ஸ்ரிக்னைன், சோடியம் சயனைட்டு முதலியவை. கார்போபியூரானின் விற்பனை 2001 இலேயே பிரித்தானியாவில் நிறுத்தப்பட்டிருந்தது. ஆனால் பழைய இருப்புகள் கொட்டில்களில் தூங்கிக்கொண்டிருந்தன. இனிப் பறவையைக் கொன்றாரா என்று நிரூபிக்கத் தேவையில்லை, பூட்டிய பெட்டிக்குள் பொதி இருந்தாலே போதும். நல்ல ஏற்பாடு. ஆனால் 2011 இல் ஒரு காவலாளரிடம் பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட கார்போபியூரான் பிடிபட்ட வழக்கில் நீதிமன்றம் விதித்த தண்டம் 3,300 பவுண். ஒரு சில மணிகளே ஒரு சிறு பறவையைக் கொல்லப் போதும் என்ற நஞ்சு அது. எத்தனை உயிர்களுக்கு அந்தப் பத்துக் கிலோ போதும் என்ற கணக்கை நான் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு விட்டுவிட்டேன்.

இரண்டாவது காரியம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. 2012 ஜனவரி 1 முதல், வேலையாள் பறவையைக் கொன்றாலோ நஞ்சு வைத்தாலோ, நிலச்சொந்தக்காரரும் பொறுப்பாளி. தனக்குத் தெரியாது என்று சொன்னால் மட்டும் போதாது. அது நடவாமல் இருக்க நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுத்ததாகவும் அவர் காட்ட வேண்டும். நான் அந்த நாட்டுக்குப் போய் அதிக காலமாகவில்லை அப்போது. பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு இரண்டாம் தரம் படித்தேன். கட்டளையிட்டவர் வீட்டில் இருக்க, கையை நீட்டியவர் மட்டும் கூண்டில் நிற்பது என்றால் என்ன என்று எங்கள் நாட்டவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதன்படி முதலாவது நிலச்சொந்தக்காரர் 2014 டிசம்பரில் தண்டிக்கப்பட்டார். அவருடைய காவலாளர் நஞ்சிட்ட இரையால் ஒரு பஸர்டைக் கொன்றிருந்தார். காவலாளருக்கு 4,450 பவுண் தண்டம். சொந்தக்காரருக்கு 675 பவுண். கேட்டதும் சிரிப்பு வரும், ஆனால் கதவு திறந்துவிட்டது.

மூன்றாவது, தண்டனையின் அளவு. பேராசிரியர் மார்க் பூஸ்ரி தலைமையிலான குழு 2015 இல் ஓர் அறிக்கை கொடுத்தது: வனவிலங்குக் குற்றங்களுக்கு இருக்கும் உச்சத் தண்டனை போதாது என்று. 2020 இல் சட்டம் மாறியது. அதற்கு முன்பு உச்சம் ஆறு மாதச் சிறையும் 5,000 பவுணும். இப்போது பாரதூரமான வழக்குகளில் ஐந்து ஆண்டுவரை சிறையும் எல்லையற்ற தண்டமும் விதிக்கலாம்.

அந்தச் சட்டமூலம் விவாதத்தில் இருந்த நாட்களில் ஊர்க் கடையில் ஒருவர் என்னை மறித்தார். ஆலோசனை அறையில் கேட்பதை நான் எந்த மேடையிலும் சொல்வதில்லை. இது பாலும் பாணும் வாங்கப்போன இடத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னது. அவர் ஒரு காவலாளர். "டொக்டர், நீங்கள் கடிதம் எழுதிக் கேட்கிற ஐந்து வருசம் எனக்குத்தான், என்ர முதலாளிக்கில்லை" என்றார். கோபத்தோடு சொல்லவில்லை. நான் அவருக்குச் சொன்னேன், அதனால்தான் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் முதலாளியைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று. இரண்டாம் பக்கத்தைத் தான் படிக்கவில்லை என்றார். நியாயந்தானே, யார்தான் படிக்கிறார்கள்?

அந்த இரண்டாம் பக்கத்தில் இருந்த விடயம் உரிமம். 2016 இல் ஸ்கொட்லாந்தின் வேட்டைப்பறவை ஆய்வுக் குழுவினர் பாராளுமன்றத்துக்கு ஒரு மனு கொடுத்தார்கள். பறவை சுடும் தொழிலுக்கு அரசின் உரிமம் வேண்டும், குற்றம் நடந்தால் உரிமம் போக வேண்டும் என்பது கோரிக்கை. 2017 இல் அரசு நியமித்த ஆய்வு ஒன்று, செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட 131 பொன்னிறக் கழுகுகளின் வரலாற்றை ஆராய்ந்தது. அவற்றுள் 41 சந்தேகத்துக்கிடமான முறையில் காணாமற் போயிருந்தன. கருவி ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும்போதே திடீரென்று சைகை நின்றுவிடும். உடலும் கிடைக்காது, கருவியும் கிடைக்காது. 2021 மார்ச்சில் கெயார்ன்கோம்ஸ் தேசியப் பூங்காவுக்குள்ளேயே ஒரு பொன்னிறக் கழுகு, நஞ்சிட்ட மலைமுயலுக்குப் பக்கத்தில் முகங்குப்புறக் கிடந்தது. மக்கள் பிள்ளைகளோடும் நாயோடும் நடக்கப் போகிற இடம் அது.

2022 இல் அரசு பொதுமக்களின் கருத்தைக் கேட்டபோது நான் பறவைகளைப் பற்றி எழுதவில்லை. பறவையறிஞர்கள் அதை என்னைவிட நன்றாக எழுதுவார்கள். ஒரு கிராமத்து வைத்தியராக, மலையில் அந்த முயலை ஒரு மூன்று வயதுப் பிள்ளை தொட்டுவிட்டுக் கையை வாயில் வைத்தால் என்ன நடக்கும், பெரிய வைத்தியசாலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும், எங்கள் சிகிச்சை நிலையத்து அலுமாரியில் எத்தனை குப்பி அற்றோப்பின் இருக்கிறது என்று எழுதினேன். 2024 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. இப்போது கிரவுஸ் சுடுவதற்கு உரிமம் கட்டாயம். நேச்சர்ஸ்கொட் என்ற அரச நிறுவனம் அதை இடைநிறுத்தலாம், பறிக்கலாம். அதற்குக் குற்றவியல் வழக்கில் வேண்டிய, சந்தேகத்துக்கு இடமற்ற நிரூபணம் தேவையில்லை. உரிமம் போனால் பாதிக்கப்படுவது காவலாளரின் குடும்பமல்ல, சொந்தக்காரரின் வருமானம்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். அதே ஆண்டு நவம்பரில், நிலச்சொந்தக்காரர் தரப்பின் எதிர்ப்பையடுத்து, உரிம நிபந்தனைகள் மாற்றப்பட்டன. முழு நிலத்துக்கும் எடுக்காமல் பறவை சுடும் பகுதிக்கு மட்டும் உரிமம் எடுக்கலாம் என்றாயிற்று. அப்படியானால் வேலிக்கு அப்பால் கழுகு செத்துக் கிடந்தால்? சட்டம் செய்வதைவிட, செய்தபின் அதைக் காவல்காப்பது கடினம். இங்கிலாந்திலோ சொந்தக்காரரைப் பொறுப்பாக்கும் சட்டமே இன்னும் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் இன்னொன்று. பருந்துக்கு எல்லை தெரியாது.

அம்மா என்னிடம் ஒருநாள் கேட்டார்: "இவ்வளவு சனம் செத்த நாட்டிலயிருந்து போய், பருந்துக்காகவோ பிள்ளை கடிதம் எழுதுறாய்?" இங்கே இருக்கும் சிலருடைய மனதிலும் அந்தக் கேள்வி இருக்கும். அம்மாவுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். எங்கள் சனத்துக்காக எழுத வேண்டிய கடிதங்களையும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நான் வரி கட்டுகிற, வாக்குப் போடுகிற நாட்டில், ஒரே நஞ்சு, என் கைக்கு நன்கு பழகிய நஞ்சு, என் பிள்ளைகள் நடக்கிற மலையில் கிடக்கிறது. அதைப் பற்றி அந்த ஊரில் பேசத் தெரிந்த வைத்தியர் நான்தான் என்றால், நான் பேசாமல் யார் பேசுவது? அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை தொலைபேசியில், "உன்ர பருந்து வழக்கு என்னாச்சு?" என்று கேட்டார்.

கமக்காரரின் மீது எனக்குக் குறையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே எங்கள் பகுதிகளிலும் மயில் பயிரை அழிக்கிறது என்ற முறைப்பாடு ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. அந்த இழப்பு உண்மையானது. இழப்புக்கு ஒரு வழி காட்டாமல் தடையை மட்டும் போட்டால் நஞ்சு கொட்டிலுக்குள் ஒளிந்துகொள்ளும். எமது பூச்சிகொல்லித் தடைகள் வேலை செய்ததற்கு ஒரு காரணம், கமக்காரருக்கு வேறு மருந்து கிடைத்தது; விளைச்சல் விழவில்லை.

பிரித்தானியாவில் வாழும் சகோதரிகளுக்கு இரண்டு காரியங்கள் சொல்லி முடிக்கிறேன். முதலாவது: நடக்கப்போன இடத்தில் செத்த பருந்தையோ கழுகையோ, அதற்குப் பக்கத்தில் வெட்டிப்போட்ட முயலையோ இறைச்சியையோ கண்டால் கையால் தொடவேண்டாம். பிள்ளைகளையும் நாயையும் விலக்குங்கள். படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், 101 என்ற இலக்கத்தில் பொலிஸாரை அழைத்து வனவிலங்குக் குற்ற அதிகாரியைக் கேளுங்கள். யாராவது அதைத் தொட்டுவிட்டு வாயில் நீர் வடிந்தாலோ மூச்சு முட்டினாலோ 999. 'பூச்சிகொல்லி நஞ்சாக இருக்கலாம்' என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.

இரண்டாவது: இங்கிலாந்தில் வாக்குள்ளவர்கள் தங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதலாம். கேட்க வேண்டியது ஒன்றே: ஸ்கொட்லாந்தில் 2012 முதல் இருக்கும் சொந்தக்காரர் பொறுப்பு ஏன் இங்கே இல்லை? இரண்டாம் பக்கம் வேண்டாம், யாரும் படிக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் ஒரு மாதிரிக் கடிதம் இருபது பிரதி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். தேநீர் நேரத்தில் வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருப்பேன். நீரிழிவைப் பற்றிக் கேட்க விரும்புகிறவர்களும் வரலாம்.